கருகல் வாசம்

கண் மூடித் திறந்தது. அவ்வளவுதான். ஆனால் மூடினதுக்கும் திறந்ததுக்கும் நடுவில் என்ன ஆனது என்று சேர்மக்கனிக்குத் தெரியவில்லை. தெரியாததால் முதுகு விறைத்தது, சேணத்தின் முன்னால் இருந்த இரும்பு வளையத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான், நாக்கைப் பல்வரிசையில் ஓடவிட்டுப் பார்த்தான். கடிபடவில்லை. வாயில் ரத்தம் இல்லை. முன்னால் போகிற குதிரையின் வால் அதே மாதிரிதான் ஆடிக்கொண்டிருந்தது, அதன்மேல் உட்கார்ந்திருந்த ரீகன் அதே பாட்டைத்தான் தப்புத்தப்பாக முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அப்போ தூக்கம்தான். மாத்திரைத் தூக்கம். காலையும் ராத்திரியும் போடுகிற அந்த வெள்ளை மாத்திரை உள்ளே போய் எலும்புக்கெல்லாம் ஈரச்சாக்கைப் போர்த்திவிடுகிறது. போட்டால் அசதி, போடாவிட்டால் வலிப்பு. வலிப்பு என்கிற சொல்லை மனசுக்குள் சொல்லும்போதுகூட அவன் குரலைத் தாழ்த்திக்கொள்வான். இதுவரை ரெண்டு தரம் வந்திருக்கிறது. ரெண்டும் வீட்டுக்குள் வந்தது, வீட்டோடு போயிற்று. கூட்டாளி ரீகனுக்கும், பின்னால் இன்னொரு குதிரையில் வருகிற ஐகோர்ட்டுக்கும் தெரியாது. தெரியவே கூடாது. இந்தக் கொடைக்கானல் பயணம் முடிகிறவரை தெரியாமல் போய்விட்டால் போதும், அப்புறம் மூணு பேரும் மூணு திசையில் போகப்போகிறார்கள், தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன. ஆனால் இப்போது, இந்தக் குதிரைமேல் வைத்து வந்து தொலைத்தால்?

குதிரை ஒன்றும் பெரிய உயரமில்லை. கட்டைக்குதிரை. பேர் டைகர். ஏரிக்கரையில் குதிரைக்காரர் மைதீன் அண்ணன் அந்தப் பேரைச் சொன்னதும் ரீகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இதுவா டைகரு? எங்க மணப்பாட்டுல ஆடு இதவிட வேகமாப் போகும்ணே." மைதீன் சிரிக்கவில்லை. "வேகமாப் போறதுக்கு வேற குதிரை இருக்கு தம்பி. நீங்கதான மெதுவாப் போறதாக் கேட்டீங்க" என்றார். ரீகன் சட்டென்று ஏரியில் போகிற படகைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். மெதுவாகப் போகிற குதிரையா? ரீகனா கேட்டான்? கடலில் அலை பெரிசாக இருக்கிற நாளாகப் பார்த்து வள்ளத்தில் ஏறுகிறவன் அவன். சரி, எதையாவது கேட்டிருப்பான், போகட்டும், யோசிக்கவும் அசதியாக இருந்தது. டைகர் கரையைச் சுற்றி, மேட்டுப்பாதையில் ஏறி, இப்போது மரங்களுக்குள் நுழைந்திருந்தது. ஆட்கள் போட்டோ எடுக்கிற இடம் வந்தால் அதுவாகவே நின்றது. யாரும் நிறுத்தவில்லை, யாரும் போட்டோவும் எடுக்கவில்லை, ஆனாலும் நின்று, தலையைத் தூக்கி, கொஞ்ச நேரம் போஸ் கொடுத்துவிட்டு, அதுவாகவே நடந்தது. பாவம், அதுக்கும் மாத்திரை கொடுக்கிறார்களோ என்னவோ. ஒவ்வொரு அடிக்கும் சேணம் கிறீச்சிட்டது, ஒவ்வொரு கிறீச்சும் இடுப்பில் ஏறி முதுகு வழியாகப் பிடரிக்குப் போய் அங்கேயே தங்கியது. மைதீன் டைகரின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். ரீகன் குதிரைக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்லை, பின்னால் வருகிற ஐகோர்ட்டு குதிரைக்கும் இல்லை. எனக்கு மட்டும் எதுக்கு? பார்த்தாலே தெரிகிறதா? முகத்தில் எழுதியிருக்கிறதா?

பின்னால் ஐகோர்ட்டின் போன் அடித்தது. ஐகோர்ட்டுராஜா என்பது முழுப்பேர். அவர்கள் பக்கம் அது சாமி பேர், தெருவுக்கு ஒருத்தன் இருப்பான், ஆனால் லாட்ஜில் எழுதும்போது மேனேஜர் நிமிர்ந்து பார்த்து "பேரைக் கேட்டேன் தம்பி, எங்க வேலைன்னு கேக்கல" என்றார். நேற்று பஸ் ஏறினதிலிருந்து அவனுக்கு அவன் அம்மா போன்மேல் போன். கருப்பட்டி அடுக்கி வைத்திருக்கிற கிட்டங்கியின் சாவியைக் காணோமாம். அந்தக் காலத்துப் பூட்டு, உள்ளங்கை நீளத்துக்கு ஒரே ஒரு இரும்புச் சாவி, மாற்றுச்சாவி கிடையாது, சரக்கு எடுக்க வந்த வண்டி வாசலிலேயே நிற்கிறதாம். "ஏ அம்மா, எங்கிட்ட கேட்டா நாம் என்னத்தச் சொல்ல? பீரோவுக்கு அடியில பாரு. சாமி படத்துக்குப் பின்னால பாத்தியா? அப்ப அய்யாகிட்ட கேளு. குதிரையில போயிட்டு இருக்கேம்மா, குதிர, குதிர! வையி." குரலில் ஒரு பதட்டம். எப்போதும் அம்மாவிடம் கத்தித்தான் பேசுவான், இன்றைக்கு என்னவோ கெஞ்சுகிற மாதிரி இருந்தது. சேர்மக்கனி திரும்பிப் பார்க்க நினைத்தான். திரும்பினால் தலை சுற்றும், தலை சுற்றினால் அது தலைச்சுற்றலா அதுவா என்று சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் நெஞ்சு அடிக்கும், நெஞ்சு அடித்தால் அது வேறு. வேண்டாம். நேரே பார்ப்போம். வால். வால் ஆடுகிறது. நல்ல வால்.

ஒரு காலத்தில், ஒரு காலம் என்ன, போன பொங்கலுக்குக்கூட, உடன்குடியிலிருந்து மணப்பாட்டுக் கடற்கரை வரைக்கும் இவர்கள் ரெண்டு பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கைப் பறக்கவிட்டவன் அவன்தான். பனங்காட்டு நடுவில் ரோடு நேராகப் போகும், காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போடும், ஐகோர்ட்டு பின்னால் இருந்து "ஏல, பையப் போ, எங்கம்மைக்கு நான் ஒத்தப்பிள்ள" என்று அலறுவான். பிளஸ் டூ முடித்ததும் லைசென்ஸ், அப்புறம் ஹெவி லைசென்ஸ், அப்புறம் லாரி, தூத்துக்குடியிலிருந்து குஜராத் வரைக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தான். பாளையங்கோட்டை டாக்டர் அந்தக் கணக்கைப் பேனா மூடியால் மேசையைத் தட்டித் தட்டி அழித்தார். வண்டி ஓட்டக்கூடாது. கிணத்தில் குளிக்கக்கூடாது. மரம் ஏறக்கூடாது. கதவைத் தாழ் போட்டுக் குளிக்கக்கூடாது. எத்தனை நாளைக்கு என்று கேட்டதுக்கு, பார்ப்போம் என்றார். குதிரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உடன்குடியில் எவன் குதிரை ஏறப்போகிறான் என்று விட்டிருப்பார். அதனால் இது ஒன்றும் தப்பில்லை, டாக்டர் சொன்னதை மீறவில்லை என்று காலையிலிருந்து தனக்குத்தானே வக்கீல் மாதிரி பேசிக்கொண்டிருந்தான். பேசப் பேச, இது பச்சைப்பொய் என்றும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ரீகனிடம் காலில் சுளுக்கு, பைக் ஓட்ட முடியாது என்று சொன்னதும் பொய். எந்தக் கால் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பான், ஏனென்றால் ஒரு நாள் இடது காலையும் இன்னொரு நாள் வலது காலையும் நொண்டினான்.

முதல் தரம் பரீட்சை லீவில். சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பதனி காய்ச்சும்போது சட்டியில் அடிப்பிடித்தால் ஒரு வாசம் வருமே, இனிப்பும் கரியும் கலந்து, மூக்கின் அடியில் ஒட்டிக்கொள்கிற மாதிரி, அது வந்தது. "அம்மா, என்னமோ கருகுதும்மா" என்றான். "அடுப்பே பத்த வைக்கலியேல" என்றாள் அம்மா. அதோடு சரி. அப்புறம் கூரை தெரிந்தது, முகங்கள் தெரிந்தன, உள்ளங்கை வலித்தது. விரித்துப் பார்த்தால் வீட்டுச் சாவி. இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்று யாரோ திணித்திருக்கிறார்கள், அதை அவன் இறுக்கின இறுக்கில் சாவியின் பல் தோலில் பதிந்து கிடந்தது. இரும்பெல்லாம் ஒன்றும் செய்யாதம்மா, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், அதுபாட்டுக்கு நிற்கும் என்று டாக்டர் சொன்னார், அம்மா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தலையணைக்கு அடியில் அரிவாளை வைத்தாள். ரெண்டாம் தரம் வந்தபோதும் முதலில் அந்த வாசம்தான். ஆனால் வாசத்தை விட, வலியை விட, அம்மா முந்தானையில் துடைத்த எச்சிலை விட, அவனால் தாங்க முடியாதது அந்த முகங்கள். பஸ் அடித்துப்போட்ட நாயைச் சுற்றி நின்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பக்கத்து வீட்டு அக்கா இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறாள். சொந்தத் தங்கச்சிகூட ரிமோட்டைச் சண்டை போடாமல் கொடுத்துவிடுகிறாள். சண்டை போடாமல்! அதுதான் உலகத்திலேயே அசிங்கமான விஷயம். இந்த ரெண்டு மூதிகளிடம் மட்டும்தான் இன்னும் அவன் பழைய கனி. எருமை, வெட்டிப்பய, வாயாடி. அதையும் இழந்துவிட்டால் பாக்கி எதுவும் இல்லை.

ஆனால் அவர்களும் முன்னே மாதிரி இல்லை. நேற்றிலிருந்து பார்க்கிறான். லாட்ஜ் குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்றான் ஐகோர்ட்டு. பார்த்தால் அதில் திருகாணியே இல்லை, கழற்றின திருகாணி மாதிரி தரையில் ஒன்று கிடந்தது. ராத்திரி படுக்கும்போது சுவரோரம் போகப்போனவனை நடுவில் தள்ளினார்கள். கட்டில் ஓரத்தில் படுப்பதற்கு அடித்துக்கொள்கிற பயல்கள். படகில் போவோமா என்றால் தலைவலி என்கிறான் மீனவன் மகன் ரீகன். ராத்திரி முழுக்க யாரோ ஒருத்தன் முழித்திருந்த மாதிரியும் இருந்தது. கெட்டவார்த்தையே குறைந்துபோயிற்று. வயசாகிவிட்டதா இவன்களுக்கு? இல்லை, நான்தான் அலுத்துவிட்டேனா? மாத்திரை போட்டதிலிருந்து நான் பேசுவதில் ஜீவன் இல்லை, ஜோக்குக்கு அரை நிமிஷம் கழித்துச் சிரிக்கிறேன், என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததே கடமைக்காக இருக்கும். ரீகன் கப்பல் வேலைக்குப் படிக்கப் போகிறான், ஐகோர்ட்டு கிட்டங்கியில் உட்காரப்போகிறான், கடைசியாக இந்தச் சோம்பேறியையும் ஒரு தரம் இழுத்துக்கொண்டு போவோம் என்று நினைத்திருப்பார்கள். அம்மா எப்படி அனுப்பினாள் என்பதே இன்னும் புரியவில்லை. முடியாது என்று குதித்தவள், திடீரென்று, போயிட்டு வா என்றாள். பஸ் ஸ்டாண்டில் முறுக்குப் பொட்டலத்தை அவன் கையில் கொடுக்காமல் ஐகோர்ட்டைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தாள். ஒரு முறுக்குப் பொட்டலத்தைக் கொடுக்க அவ்வளவு நேரமா பேசுவார்கள்? ஐகோர்ட்டு தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அசதி. யோசித்தால் அசதி. தலையைக் கழற்றிச் சேணத்தில் மாட்டிவிட்டு வர முடிந்தால் நன்றாக இருக்கும்.

பைன் மரங்கள் அடர்ந்தன. வெயில் மேலேயே நின்றுவிட்டது, கீழே ஊசி இலைகளின்மேல் குளம்புச் சத்தம்கூட அமுங்கிப்போனது. சத்தம் குறைந்ததும் பயம். சத்தம் குறைவது அதுக்கு முன்னாடியா? போன தரம் அம்மாவின் குரல் தூரமாகப் போனதே. இல்லை, ரீகன் பாட்டு கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது, கேட்காமல் இருந்தால்தான் நல்லது. சிரிக்கப் பார்த்தான். அப்போது வந்தது. இனிப்பு. இனிப்புக்குள் கரி. மூக்கின் அடியில், மெல்ல, ஒட்டிக்கொண்டு. இல்லை. இல்லை, இல்லை. மாத்திரை போட்டேனே, காலையில் போட்டேன், தண்ணீர் குடித்தது ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் குடித்தது இன்றைக்கா நேற்றா? மூச்சை அடக்கினான். அடக்கினால் வாசம் இல்லை, விட்டால் இருக்கிறது. உள்ளே இருந்து வருகிற வாசமாக இருந்தால் மூச்சை அடக்கினாலும் வருமே. வருமா? தெரியாது. ரெண்டு தரத்தில் என்ன தெரியும். இறங்கிவிடலாம். இறங்கு என்று காலுக்குச் சொன்னான், கால் கேட்கவில்லை, அங்கவடிக்குள் கால் கட்டை மாதிரி இருந்தது. விழுந்தால் அந்தப் பக்கம் சரிவு. கல். வேர். கேட்டுவிடலாமா? ஒரே ஒரு கேள்வி. உனக்கு வாசம் வருகிறதா? வருகிறது என்றால் பிழைத்தேன், எங்கேயோ எதுவோ நிஜமாகக் கருகுகிறது. வரவில்லை என்றால்? வரவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் அந்தச் சொல்லே என்னைத் தள்ளிவிடும். அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். கேட்காமல் இருந்தால் ரெண்டுமே இல்லை, நடுவிலேயே இருக்கலாம், வால் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே. ஆனால் வாசம் கூடியது. வால் ஆடுவது நின்றுபோன மாதிரி இருந்தது. வளையத்தைப் பிடித்த விரல்களில் ரத்தம் இல்லை. கேள். கேட்டுத் தொலை. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்.

"ஏல ஐகோர்ட்டு, என்னமோ கருகுற வாசம் வருதுல்லா?"

கேட்டதுதான் தாமதம். பின்னால் "ஏ அம்மா!" என்று ஒரு அலறல், தொப்பென்று ஒரு சத்தம். ஐகோர்ட்டு குதிரையிலிருந்து இறங்கவில்லை, விழுந்தான். விழுந்தவன் எழுந்து ஓடிவந்தான். "ரீகா, வந்துட்டுல! பிடில, அந்தப் பக்கம் பிடி! அண்ணே, குதிரைய நிறுத்துங்க!" ரீகன் எப்போது குதித்தான், எப்போது வந்தான் தெரியாது, இடுப்பைக் கட்டிப்பிடித்துவிட்டான். ஐகோர்ட்டு சேர்மக்கனியின் வலது கையை வளையத்திலிருந்து பிய்த்து எடுத்தான், தன் டவுசர் பைக்குள் கையை விட்டு எதையோ உருவினான், உள்ளங்கையில் வைத்து அழுத்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தன் ரெண்டு கையாலும் மூடிக்கொண்டான். கனமான, சில்லென்ற இரும்பு. கருப்பட்டி வாசம் அடித்தது. "இறுக்கிப் பிடில கனி. விடாத. விடாத மக்கா." அவன் அழுதுகொண்டிருந்தான்.

சேர்மக்கனி குனிந்து பார்த்தான். கூரை தெரியவில்லை. முகங்கள் தெரிந்தன, ஆனால் கீழே தெரிந்தன. எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. மைதீன் அண்ணன் மட்டும் கயிற்றைப் பிடித்தபடி நிதானமாக நின்றார். "என்ன தம்பி ஆச்சு? அந்தா வளைவுல இருக்கிற டீக்கடையில பால் பொங்கி அடுப்புல ஊத்திருச்சு. சீனியைப் போட்டே காச்சுவான், தீயுற வாடை எப்பவும் வரும். அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிறீங்க?" ரீகன் மூக்கை உறிஞ்சினான். "ஆமால. எனக்கும் வருது."

 டைகர் மட்டும், இது போட்டோ எடுக்கிற இடமில்லையே என்பதுபோல ஒரு தரம் கனைத்தது. சேர்மக்கனியின் கைக்குள் சாவி இருந்தது. உள்ளங்கை நீளம். ஒரே சாவி. மாற்றுச்சாவி கிடையாது. தாழ்ப்பாள், நடுக்கட்டில், தலைவலி, மெதுவான குதிரை, முறுக்குப் பொட்டலம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பயம் போன இடத்தில் கோபம் வந்தது, கோபம் வந்ததில் அசதிகூடக் கொஞ்சம் விலகியது. "எப்பல இருந்து தெரியும்?" ரீகன் தரையைப் பார்த்தான். "முத தரம் வந்தப்பவே. உங்க அம்மதாம் சொன்னாவ. உங்கிட்ட காட்டிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. நீயும் கால மாத்தி மாத்தி நொண்டுன. நாங்க என்னத்தச் சொல்ல?" "சவத்து மூதிகளா. தெரிஞ்சும் நொண்டவுட்டுப் பாத்துட்டு இருந்தியளால?" "சிரிப்ப அடக்கத்தாம் பெரும்பாடு" என்றான் ரீகன், முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. ஐகோர்ட்டின் முழங்கையில் ரத்தம் ஊசி இலையோடு ஒட்டிக்கிடந்தது. அவர்கள் முகத்தைப் பார்க்கச் சேர்மக்கனிக்குப் பயமாக இருந்தது. அந்தப் பார்வை இருக்குமே, பஸ் அடித்த நாய்ப் பார்வை. பார்த்தான். இல்லை. பயந்துபோன ரெண்டு பயல்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். பயத்தில் அவனைவிட மோசமாக இருந்தார்கள்.

"இரும்பு ஒண்ணுஞ் செய்யாதுல" என்றான். "டாக்டர் சொல்லியிருக்காரு. வந்தா ஒருக்களிச்சுப் படுக்கப்போடு. பக்கத்துல கல்லு கில்லு கிடந்தா எடுத்துரு. வாயில எதையும் திணிக்காத. நிக்கும். அம்புட்டுதாம்." இவ்வளவு சின்னதா இது? இத்தனை நாள் நாக்குக்கு அடியில் வைத்திருந்தது இவ்வளவுதானா? "இரும்புலதாம் நிக்கும்னா, காலையில இருந்து நான் இந்த வளையத்ததான பிடிச்சிட்டு இருக்கேன், முட்டாப்பயலே. இதுக்குப் போயா கிட்டங்கியவே பூட்டிப்போட்டு வந்த?" ஐகோர்ட்டு மூக்கைத் துடைத்தான். "வீட்டுல இருக்கதுலயே பெரிய இரும்பு அதுதாம்ல" என்றான்.

அவன் போன் மறுபடி அடித்தது, அவன் அம்மாதான். எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். குதிரைமேல் இருந்தபடியே சேர்மக்கனி குனிந்து அதைப் பிடுங்கினான். "பெரியம்மா, நான் கனி பேசுதேன்." அந்தப் பக்கம் ஒரே சத்தம், லாரிக்காரன் ஏசுவது கேட்டது. "ஏ கனி, அந்தப் பய எங்க? அய்யா பூட்ட உடைக்க ஆள் கூட்டியாந்துட்டாவ. அவனுக்குச் சத்தியமா சாவி எங்கன்னு தெரியாதா?" "உடைக்காண்டாம் பெரியம்மா. நாளைக்கு வந்துருவோம். சாவி எங்கிட்ட இருக்கு." "உங்கிட்டயா? உனக்கு எதுக்குல கிட்டங்கிச் சாவி?"  மைதீன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்லத்தான் வேண்டும். குரலைத் தாழ்த்தாமல் சொல்ல வேண்டும். "எனக்கு வலிப்பு வரும் பெரியம்மா. வந்தா கையில குடுக்கதுக்கு ஐகோர்ட்டு எடுத்தாந்திருக்கான்."  அந்த அம்மாள், போனை வாயிலிருந்து எடுக்காமலே, யாரிடமோ சொன்னாள்: "ஏங்க, பூட்ட உடைச்சிருங்க." அப்புறம் இவனிடம், "அது உங்கிட்டயே இருக்கட்டும், என்ன? நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரும்பு ஒண்ணுஞ் செய்யாது பெரியம்மா என்று சொல்ல வாயெடுத்தவன், செத்துப்போன போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.  சாவியைச் சட்டைப்பையில் போட்டான். அதன் கனத்தில் சட்டை ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. ரீகனும் ஐகோர்ட்டும் அவரவர் குதிரையில் ஏறினார்கள், ஐகோர்ட்டை மைதீன் தூக்கித்தான் விடவேண்டியிருந்தது. டீக்கடை வளைவு வந்ததும் டைகர் யாரும் சொல்லாமலே திரும்பி, வந்த வழியில் இறங்க ஆரம்பித்தது. அதுக்குச் சுற்று முடிந்துவிட்டது. இறங்கும்போது சேணம் வேறு மாதிரி கிறீச்சிட்டது. அசதி திரும்பி வந்தது, அதே ஈரச்சாக்கு, அதே எலும்பு, ஒன்றும் மாறவில்லை. கண் மூடித் திறந்தது.

"ஏல, அதுவா, தூக்கமா?" பின்னாலிருந்து ஐகோர்ட்டு.

"தூக்கம்ல, மூதி" என்றான் சேர்மக்கனி. "பேசாம வா."